கழுத்தில் தொங்கும் அட்டை

2018 ஆகஸ்ட் 10, வெள்ளிக்கிழமை மாலை. அமெரிக்காவின் சியாட்டில்-டகோமா விமான நிலையத்தில், ஆளில்லாத க்யூ400 விமானம் ஒன்று ஓரமாக நின்றிருந்தது. 76 பேர் உட்காரக்கூடிய விமானம். ஹொரைசன் ஏர் நிறுவனத்தின் தரைப்பணி ஊழியர் ஒருவர் இழுவை வண்டியை அதில் மாட்டி, அதைத் திருப்பி நிறுத்தினார். உள்ளே ஏறி இன்ஜின்களை இயக்கினார். கட்டுப்பாட்டுக் கோபுரம் கூப்பிடக் கூப்பிட, அனுமதி எதுவும் வாங்காமல் ஓடுபாதைக்குப் போய் மேலே கிளம்பிவிட்டார். அவர் விமானி இல்லை. வீடியோ கேம் ஆடிய அனுபவம் உண்டு என்று வானொலியில் அவரே சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் பறந்தார், நடுவில் ஒரு குட்டிக்கரணமும் அடித்தார். போர்ட்லாந்திலிருந்து இரண்டு எஃப்-15 போர் விமானங்கள் விரைந்து வந்தன. கடைசியில் கெட்ரான் என்ற சிறு தீவில் மரங்களுக்கிடையே விமானம் விழுந்து அவர் இறந்தார். வேறு யாருக்கும் அடிபடவில்லை.

அந்த நிலையத்தின் பாதுகாப்புச் சோதனை எந்த இடத்தில் கோட்டைவிட்டது என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. பின்னணிச் சோதனையில் தேறியவர். அடையாள அட்டை செல்லுபடியானது. விமானம் நின்ற பகுதிக்குள் நடமாட அவருக்கு அனுமதி இருந்தது. விமானங்களை இழுத்து நகர்த்துவதுதான் அவருடைய வேலையே. கத்தி, துப்பாக்கி எதையும் அவர் கொண்டுவரவில்லை. காரைப் போல இந்த விமானங்களுக்குக் கதவுப் பூட்டும் கிடையாது, இக்னிஷன் சாவியும் கிடையாது என்று மறுநாள் நிறுவனத் தலைவர் செய்தியாளர்களிடம் விளக்க வேண்டியிருந்தது. விமானத்தைச் சுற்றியுள்ள வேலிதான் அதன் பூட்டு. வேலிக்கு உள்ளே இருப்பவருக்குப் பூட்டே இல்லை.

பயணிகளாகிய நாம் பழகியிருக்கும் சோதனைச் சாவடி பொருள்களைத் தேடும் ஏற்பாடு. விமானக் கடத்தல்கள் மலிந்த காலத்தில், 1973 ஜனவரியில், அமெரிக்கா எல்லாப் பயணிகளையும் சோதிக்கத் தொடங்கியது. அன்றிலிருந்து சம்பவம் ஒன்று நடக்கும், சோதனைப் பட்டியலில் ஒன்று கூடும். 2001 செப்டம்பருக்குப் பிறகு சிறு கத்திகள். அதே ஆண்டு டிசம்பரில் ஒருவர் காலணிக்குள் வெடிமருந்து வைத்ததால் காலணிகள். 2006இல் திரவ வெடிமருந்துச் சதி பிடிபட்டதால் தண்ணீர் பாட்டில். 2009இல் உள்ளாடைக்குள் வெடிமருந்து வந்ததால் உடலை ஊடுருவிப் பார்க்கும் கருவி. இந்தப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் உள்ளே வேலை செய்பவருக்குப் பொருந்தாது. சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் உணவகங்களின் சமையலறைக் கத்திகள் இருக்கின்றன. மெக்கானிக்கின் கருவிப்பெட்டி இருக்கிறது, எரிபொருள் லாரி இருக்கிறது, விமானமே இருக்கிறது. பயணியிடம் பிடுங்கிக்கொள்ளும் ஸ்க்ரூடிரைவரை மெக்கானிக்கிடம் பிடுங்கினால் விமானம் பறக்காது.

இப்படி உள்ளே வேலை செய்பவர்களின் எண்ணிக்கையும் சிறியதல்ல. அமெரிக்காவின் சுமார் 450 விமான நிலையங்களில் துணைக்கு ஆள் இல்லாமல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் நடமாடும் அனுமதி பெற்றவர்கள் சுமார் 9 லட்சம் பேர் என்று 2015இல் அந்நாட்டு அரசின் தணிக்கை அறிக்கை ஒன்று குறிப்பிட்டது.

உள்ளாள் ஆபத்து புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அல்ல. 1987 டிசம்பர் 7 அன்று லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்ட பி.எஸ்.ஏ. 1771 விமானத்தில், வேலையிலிருந்து நீக்கப்பட்ட யு.எஸ்.ஏர் ஊழியர் ஒருவர் ஏறினார். யு.எஸ்.ஏர்தான் அப்போது பி.எஸ்.ஏ.வின் தாய் நிறுவனம். விமானத்தில் பானம் விற்ற பணத்தில் 69 டாலரைத் திருடினார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. அவரை நீக்கிய மேலாளர் அந்த விமானத்தில்தான் வீட்டுக்குப் போவார். நீக்கப்பட்டவரிடமிருந்து நிறுவனம் அடையாள அட்டையைத் திரும்பப் பெறவில்லை. அன்றைய வழக்கப்படி ஊழியர்களுக்குச் சோதனை இல்லை. நண்பரிடம் இரவல் வாங்கிய .44 ரிவால்வரோடு அட்டையைக் காட்டி உள்ளே போனார். நடுவானில் மேலாளரையும் விமானிகளையும் சுட்டார். விமானம் கலிபோர்னியாவின் மலைச்சரிவில் ஏறக்குறைய செங்குத்தாக மோதியது. 43 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. வேலை போன அன்றே அட்டையைப் பறிமுதல் செய்ய வேண்டும், விமானத்தில் பறக்கும் பணிக்குழுவினரும் பயணிகளைப் போலவே சோதனைக்கு உட்பட வேண்டும் என்ற விதிகள் அதன்பிறகுதான் வந்தன.

சரி, ஊழியர் எல்லோரையும் சோதித்துவிட்டால்? ஐரோப்பிய ஒன்றியத்தில் விமான நிலையத்தின் முக்கியப் பகுதிக்குள் நுழையும் ஊழியர்களும் சோதனைக்கு உட்பட வேண்டும் என்பது விதி. இந்தியாவிலும் ஊழியர்களை சி.ஐ.எஸ்.எஃப். காவலர்கள் தடவிச் சோதித்துத்தான் அனுப்புகிறார்கள். அமெரிக்கா நெடுங்காலம் தரைப்பணி ஊழியர்களை முழுமையாகச் சோதிக்கவில்லை. அதன் விலை 2014 இறுதியில் தெரிந்தது. அட்லாண்டா விமான நிலையத்தில் சுமை ஏற்றும் ஊழியர் ஒருவர், ஊழியர் வாசல் வழியே துப்பாக்கிகளைக் கொண்டுவந்து, முறைப்படி சோதனை முடித்து உள்ளே காத்திருந்த முன்னாள் ஊழியரிடம் கொடுத்திருக்கிறார். அவர் அவற்றைக் கைப்பெட்டியில் வைத்துப் பயணிகளோடு பயணியாக நியூயார்க் பறந்து விற்றிருக்கிறார். நூற்றுக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள், பல பயணங்கள். விமான நிலையக் காவலர்கள் பிடிக்கவில்லை. நியூயார்க்கில் கள்ளத் துப்பாக்கி விற்பனையைத் துரத்திய போலீசார்தான் நூல் பிடித்து வந்து சேர்ந்தார்கள்.

சோதனை செய்யும் ஊரிலும் கதை முடிந்துவிடுவதில்லை. 2024 கோடையில் சென்னை விமான நிலையத்தின் டிரான்சிட் பகுதியில் இருந்த ஒரு பரிசுப்பொருள் கடை நினைவிருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்து வேறு விமானம் மாறும் பயணிகள் தங்கப் பசையைக் கழிப்பறையில் விட்டுச் செல்வார்கள், கடை ஊழியர்கள் அதை எடுத்து உடலுக்குள் மறைத்து வெளியே கொண்டுபோவார்கள் என்பது சுங்கத்துறையின் குற்றச்சாட்டு. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் 267 கிலோ தங்கம், மதிப்பு 167 கோடி ரூபாய் என்று அத்துறை கணக்குச் சொன்னது. கைதான கடை ஊழியர்களிடம் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகத்தின் முறையான நுழைவு அட்டை இருந்தது. சி.ஐ.எஸ்.எஃப். தேடுவது ஆயுதமும் வெடிபொருளும். சுங்கத்துறை தேடுவது பயணியின் பெட்டியை. இரண்டு கண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஒரு கடை நடந்தது. அங்கே போனது தங்கம் என்பதால் நாம் கடத்தல் செய்தியாகப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனோம். ஆனால் பாதைக்குத் தன் வழியே போவது என்ன சரக்கு என்று தெரியாது. காசுக்காகத் தங்கத்தைக் கடத்துபவர், தான் வாங்கிக்கொள்ளும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதும் இல்லை.

வேறு சரக்கு போனால் என்ன ஆகும் என்பதை 2016 பிப்ரவரி 2 காட்டியது. சோமாலியத் தலைநகர் மொகதிஷுவிலிருந்து ஜிபூட்டி புறப்பட்ட டாலோ ஏர்லைன்ஸ் விமானத்தில், மேலே ஏறிய கொஞ்ச நேரத்தில் ஒரு மடிக்கணினி வெடித்தது. விமானத்தின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்தது. குண்டு வைத்திருந்தவர் அதன் வழியே வெளியே வீசப்பட்டார். விமானம் இன்னும் முழு உயரத்துக்குப் போகவில்லை. உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலான காற்றழுத்த வேறுபாடு குறைவாக இருந்ததால் ஓட்டை பெரிதாகக் கிழியவில்லை. விமானிகள் மொகதிஷுவுக்கே திரும்பி இறக்கினார்கள். சுமார் 80 பேரில் இறந்தவர் குண்டுக்காரர் மட்டுமே. பிறகு கண்காணிப்பு கேமரா பதிவைப் பார்த்தபோது, பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிய பகுதியில் விமான நிலைய ஊழியர்கள் இருவர் அந்த மடிக்கணினியை அவர் கையில் கொடுப்பது தெரிந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக்கிலிருந்து கிளம்பிய ரஷ்ய விமானம் சினாய் பாலைவனத்தின் மேல் சிதறி 224 பேர் இறந்திருந்தார்கள். குண்டுதான் என்றது ரஷ்யா. இந்தப் பின்னணியில்தான் 2016 செப்டம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை விமானப் பாதுகாப்புக்கென்றே 2309ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது.

வேலைக்கு எடுக்கும்போதே நல்லவரா கெட்டவரா என்று பார்த்து எடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். பார்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் இங்கே ஒரு கணக்கு குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2003இல் பொய் கண்டறியும் கருவி பற்றி வெளியிட்ட அறிக்கை அதை அழகாகப் போட்டுக் காட்டியது. 10,000 ஊழியர்கள், அவர்களில் 10 பேர் ஒற்றர்கள் என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் கிடைப்பதைவிட நல்ல கருவியே நம்மிடம் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். பத்தில் எட்டு ஒற்றர்களைப் பிடிக்கும் அளவுக்குக் கருவியைக் கண்டிப்பாக வைத்தால், அவர்களோடு சேர்ந்து 1,598 அப்பாவிகளும் மாட்டுவார்கள். ஏறக்குறைய 1,600 பேரில் அந்த எட்டு பேர் யார் என்று யார் போய்த் தேடுவது? சரி, அப்பாவிகள் மாட்டக் கூடாது என்று கருவியைத் தளர்த்தினால், சுமார் 40 அப்பாவிகளோடு 2 ஒற்றர்கள் சிக்குவார்கள்; 8 பேர் நிம்மதியாக வேலைக்கு வருவார்கள்.

கருவியின் தரத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் சிக்கலின் வேர் அபூர்வத்தில் இருக்கிறது. தேடப்படுபவர் ஆயிரத்தில் ஒருவர் என்றால், மீதி 999 பேரிடம் நேரும் சின்னஞ்சிறு பிழையும் அவரை மூழ்கடித்துவிடும். விமான நிலையத்தில் அவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. லட்சத்தில் ஒருவராக இருக்கலாம். நடத்தையை வைத்து ஆளை அடையாளம் காண்கிறோம், செயற்கை நுண்ணறிவால் உள்ளாளைக் கண்டுபிடிக்கிறோம் என்று விற்க வரும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் முதலில் கேட்க வேண்டியது, நூறு அப்பாவிகளில் எத்தனை பேரை உங்கள் கருவி தவறாகக் காட்டும் என்பதுதான். விற்பனைத் தாளில் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் யாரும் போடமாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. வேலைக்குச் சேரும் நாளில் எடுத்த சான்று அந்த நாளுக்கானது. 69 டாலர் விவகாரத்துக்கு முன் அந்த யு.எஸ்.ஏர் ஊழியர் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். சியாட்டில்காரர் மூன்றாண்டுகளுக்கு மேல் பணியில் இருந்தவர். கடன், நோய், விவாகரத்து, பதவி உயர்வு கிடைக்காத கோபம், யாரோ ஒருவருடைய மிரட்டல் எல்லாம் அட்டை கொடுத்த பிறகு வருபவை.

அப்படியானால் காவலை இரட்டிப்பாக்கலாமே? அணு ஆயுதக் காவல் பற்றி ஆராய்ந்த ஸ்காட் சேகன் என்ற அரசியல் அறிவியலாளர் 2004இல் இதற்கு ஓர் எதிர்க்கணக்கு சொன்னார். காவலர் ஒவ்வொருவரும் உள்ளாளாக மாறும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று என்று வையுங்கள். ஓர் ஆள் கெட்டாலே போதும், காரியம் நடந்துவிடும் என்றும் வையுங்கள். ஒரு காவலர் இருந்தால் ஆபத்து 0.1 சதவீதம். நூறு பேர் இருந்தால், குறைந்தது ஒருவராவது கெட்டவராக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 9.5 சதவீதம். ஆயிரம் பேர் என்றால் 63 சதவீதம். ஆயிரம் பேரும் வெளியாளை நன்றாகத் தடுப்பார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் கூடும் ஒவ்வொரு காவலரோடும் உள்ளே வர உரிமை பெற்ற ஒருவரும் கூடுகிறார். போதாததற்கு, அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறார்கள்.

2014இல் சேகனும் மாத்யூ பன்னும் சேர்ந்து உள்ளாள் ஆபத்துகளைப் பற்றி எழுதிய சிறு நூலில் இந்திரா காந்தி படுகொலையும் ஓர் உதாரணம். பொற்கோயில் நடவடிக்கைக்குப் பிறகு சீக்கியக் காவலர்களை அகற்றும் முடிவு எடுக்கப்பட்டுப் பின்னர் மாற்றப்பட்டது. 1984 அக்டோபர் 31 அன்று சுட்டவர்கள் இருவரும் அவருடைய வீட்டுக் காவலர்கள். ஆனால் மதத்தைப் பார்த்து அத்தனை பேரையும் அகற்றியிருந்தால் சரியாகியிருக்கும் என்று முடிவு கட்டுவது அபத்தம். ஒரு முழுச் சமூகத்தையே சந்தேகிப்பது மேலே சொன்ன கணக்கின் மிக மோசமான வடிவம். பிடிபடுபவர்களில் ஏறக்குறைய எல்லோருமே அப்பாவிகளாக இருப்பார்கள், அவர்களுடைய மனக்கசப்பு புதிய ஆபத்தாக வளரும். அந்த நூலின் தொனியும் எச்சரிக்கைதான்: நம் இடத்தில் அப்படி யாரும் இல்லை என்ற நம்பிக்கையையே ஆசிரியர்கள் முதல் தவறாக வைக்கிறார்கள்.

யாரை நம்புவது என்ற இந்தக் குழப்பம் பூட்டு விஷயத்தில் இன்னும் கொடூரமாக வெளிப்பட்டது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு விமானி அறையின் கதவு கோட்டைக் கதவானது. துப்பாக்கிக் குண்டு துளைக்காது, உடைத்துத் திறக்க முடியாது, உள்ளே இருப்பவர் விரும்பினால் மட்டுமே திறக்கும். விமானிகள் இருவரும் மயங்கிவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்திருந்தார்கள். வெளியே எண் பலகை, அவசரக் குறியீடு எல்லாம் உண்டு. ஆனால் குறியீட்டை மிரட்டி வாங்கிய கடத்தல்காரர் உள்ளே வந்துவிடக் கூடாதே? அதனால் உள்ளிருப்பவர் அதை மறுக்கவும் வசதி வைத்தார்கள். வெளியே இருப்பவர் கெட்டவர், உள்ளே இருப்பவர் நல்லவர் என்ற அனுமானம் அந்தக் கதவின் மின்சுற்றிலேயே எழுதப்பட்டிருந்தது.

2015 மார்ச் 24. பார்சலோனாவிலிருந்து டுசெல்டார்ஃப் போன ஜெர்மன்விங்ஸ் 9525. 38,000 அடி உயரத்தில் கேப்டன் அறையை விட்டு வெளியே வந்தார். தனித்திருந்த துணை விமானி கதவை உள்ளிருந்து மறுத்துவிட்டு, விமானத்தை இறங்கும்படி அமைத்தார். அடுத்த பத்து நிமிடம் ஒலிப்பதிவில் இருப்பவை அழைப்பொலிகள், கேப்டனின் குரல், கதவைப் பலமாக இடிக்கும் ஓசை. கதவு தாங்கியது, தாங்கத்தான் அது செய்யப்பட்டிருந்தது. பிரெஞ்சு ஆல்ப்ஸில் 150 பேர் இறந்தார்கள். இது முன்னெச்சரிக்கை இல்லாமல் வந்ததென்று சொல்ல முடியாது. 2013 நவம்பரில் மொசாம்பிக்கின் எல்.ஏ.எம். 470 விமானத்தில் இதே போல ஒரு கேப்டன் துணை விமானியை வெளியே வைத்துப் பூட்டி, நமீபியாவில் 33 பேரோடு விமானத்தைத் தரையில் மோதியிருந்தார். ஆப்பிரிக்காவில் நடந்ததை ஐரோப்பா பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெர்மன்விங்ஸுக்கு மூன்றாம் நாளே ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு, விமானி அறையில் எந்நேரமும் இருவர் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஒருவர் கழிப்பறைக்குப் போனால் பணிப்பெண்ணோ பணியாளரோ உள்ளே வந்து உட்கார வேண்டும். அடுத்த ஆண்டே அந்தப் பரிந்துரை தளர்ந்தது. 2017இல் ஜெர்மன்விங்ஸின் தாய் நிறுவனமான லுஃப்தான்சா குழுமம் அதைக் கைவிட்டது. காரணம் வேடிக்கையானது, ஆனால் நியாயமானது. இந்த ஏற்பாட்டால் கதவு கூடுதல் நேரம் திறந்திருந்தது, விமானி அறைக்குள் போக உரிமை பெற்றவர்களின் எண்ணிக்கையும் பல மடங்கு கூடியது. சேகனின் கணக்கு விமானி அறைக்குள்ளேயே நடந்தேறியது.

என் பார்வையில், உள்ளாளைக் கண்டுபிடிப்பதைவிட உள்ளாளால் தனியாக என்ன செய்ய முடியும் என்பதைக் குறைப்பதும், அவர் அந்த நிலைக்குப் போவதற்கு முன் யாராவது பேச வழி வைப்பதும்தான் பயன் தரும். முதலாவதற்கு உதாரணங்கள் எளிமையானவை: யார் எந்தப் பகுதிக்கு எப்போது போகலாம் என்பதை அவருடைய வேலைக்கு மேல் ஓர் அங்குலம்கூட நீட்டாமல் இருப்பது, வாசல்களைக் குறைப்பது, எந்த நாளில் எந்த இடத்தில் சோதனை என்பது ஊழியருக்கே தெரியாமல் மாற்றுவது. இரண்டாவதுதான் கடினம்.

2019 ஜூலையில் மயாமியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் மெக்கானிக் ஒருவர், விமானத்தின் வேகம் போன்றவற்றை அளக்கும் குழாயில் நுரைத்துண்டு ஒன்றைப் பசைபோட்டு அடைத்தார். 150 பேரோடு புறப்பட இன்ஜின் வேகத்தைக் கூட்டிய விமானிகள் பிழைச் செய்தியைப் பார்த்துப் புறப்பாட்டைக் கைவிட்டார்கள். சம்பளப் பேச்சுவார்த்தை இழுபட்டு, தனக்கு ஓவர்டைம் குறைந்துபோனது, பழுது வந்தால் ஓவர்டைம் வரும் என்பது அவர் கொடுத்த விளக்கம்.  கேமரா பதிவில் நடையில் தெரிந்த நொண்டலை வைத்து அவரை அடையாளம் காட்டியவர்கள் கூட வேலை பார்த்த மெக்கானிக்குகள்.

ஓர் ஆளின் நடை மாறுவதும் பேச்சு குறைவதும் முதலில் பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சி.இ.ஆர்.டி. பிரிவு, கணினி அமைப்புகளை உள்ளிருந்தே சேதப்படுத்திய ஊழியர்களை ஆராய்ந்தபோதும் இதே வடிவம் தெரிந்தது: பெரும்பாலான சம்பவங்களுக்கு முன்னால் பணிநீக்கம், இடமாற்றம், மேலாளரோடு சண்டை போன்ற ஏதோ ஒரு கசப்பு இருந்தது. தெரிந்தவர் வாய் திறப்பாரா என்பது, வாய் திறந்தால் அந்த ஆளுக்கு என்ன ஆகும் என்பதைப் பொறுத்தது. உடனே சீட்டுக் கிழியும் என்றால் எந்த நல்ல சகஊழியரும் வாய் திறக்கமாட்டார்.

நோயாளிக்கும் அதே கணக்குதான். ஜெர்மன்விங்ஸ் துணை விமானி அந்தச் சில மாதங்களில் பல மருத்துவர்களைப் பார்த்திருந்தார். மனநல மருத்துவமனையில் சேரும்படிகூட ஒருவர் சொல்லியிருந்தார். விமான அதிகாரிகளுக்கு ஒருவரும் தெரிவிக்கவில்லை. ஜெர்மனியின் மருத்துவ ரகசியச் சட்டம் கடுமையானது. அவருக்கோ, உடல்தகுதிச் சான்று போனால் வருமானமும் போகும், பயிற்சிக்கு வாங்கிய கடன் அப்படியே நிற்கும். விசாரணை அறிக்கை இவ்விரண்டையும் குறிப்பிட்டது. 2023 அக்டோபரில் அமெரிக்காவில் ஹொரைசன் ஏர் விமானம் ஒன்றின் விமானி அறையில், கூடுதல் இருக்கையில் உட்கார்ந்து வந்த பணியில் இல்லாத விமானி, இன்ஜின்களை அணைக்கும் தீயணைப்புக் கைப்பிடிகளை இழுக்க முயன்றார். மற்ற இருவரும் தடுத்துவிட்டார்கள். மன அழுத்தத்துக்கு மருந்து எடுத்தால் பறக்கும் உரிமை போய்விடும் என்ற பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போட்டதாக அவர் பின்னர் சொன்னார். அமெரிக்காவில் 2010 வரை மன அழுத்த மருந்து எடுக்கும் விமானி பறக்கவே முடியாது. அந்த ஆண்டுதான் நான்கு மருந்துகளுக்கு நிபந்தனைகளோடு கதவு திறந்தது.

ஐரோப்பா 2018இல் கொண்டுவந்த விதிப்படி, விமான நிறுவனங்கள் விமானிகளுக்கு ‘சக ஊழியர் ஆதரவு’ ஏற்பாடு ஒன்றை நடத்த வேண்டும். சிக்கலில் இருக்கும் விமானி, பயிற்சி பெற்ற இன்னொரு விமானியிடம் ரகசியமாகப் பேசலாம். பேசியதற்காக உரிமம் உடனே பறிபோகாது, சிகிச்சை முடித்துத் திரும்பி வர வழி தேடுவதே நோக்கம். இந்த விதி விமானிகளுக்கானது. பெட்டி ஏற்றுபவர்களும் விமானத்தைக் கழுவுபவர்களும் டிரான்சிட் பகுதிக் கடைகளில் நிற்பவர்களும் அதில் வருவதில்லை. அவர்களில் பலர் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். ஒப்பந்தம் கைமாறும்போது ஆட்களும் மாறிவிடுகிறார்கள், பக்கத்தில் நிற்பவர் பெயரைக் கற்றுக்கொள்வதற்கு முன்பே.